ரோட்டோரப் பள்ளத்தில் பூத்தவை

நீடாமங்கலத்துக்கு மேற்கே வெண்ணாற்றை ஒட்டிய ஊர்களில் ரோடு என்றால் அதன் இரண்டு பக்கத்துப் பள்ளமும் சேர்ந்ததுதான். டெல்டாவில் மேடு கிடையாது. ரோடு போட வேண்டுமானால் பக்கத்திலேயே மண்ணை வெட்டி நடுவில் கொட்டி உயர்த்த வேண்டும். மண்ணெடுத்த இடம் பள்ளமாகும். ஆனியில் வாய்க்கால் தண்ணீர் கசிந்து வந்து அதன் அடியை நனைக்கும், ஐப்பசி மழை விளிம்பு வரை நிரப்பும். சில இடங்களில் அந்தப் பள்ளமே வாய்க்காலாக ஓடும், சில இடங்களில் வயலின் வடிகாலாகும், சில இடங்களில் எங்கும் போகாமல் தை மாதம் வரை தேங்கி நிற்கும். அது வயலும் இல்லை, குளமும் இல்லை, யார் பட்டாவிலும் இல்லை. கணக்கில் புறம்போக்கு. எங்கள் வட்டாரத்துக் காட்டுப் பூக்களில் பாதிக்கு மேல் அந்தப் புறம்போக்கில்தான் குடியிருந்தன.

எழுபதுகளில் நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்த ரோடு அது. கப்பி போட்டு மேலே தார் தெளித்த ஒற்றைத் தடம், இரு மருங்கிலும் புளியமரம். எதிரே பஸ் வந்தால் மாட்டுவண்டி ஓரம் கட்டி நிற்கும். பிள்ளைகள் நாங்கள் தாரில் நடந்ததை விடப் பள்ளத்து விளிம்பில் நடந்ததே அதிகம். தாரில் வெயில் சுடும், விளிம்பில் மண் குளிர்ச்சியாக இருக்கும். தவளையும் தலைப்பிரட்டையும் அங்கேதான். பூவும் அங்கேதான்.

அந்தப் பள்ளத்துக்கென்று ஒரு பஞ்சாங்கம் இருந்தது. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்ததிலிருந்து டெல்டாவின் ஆண்டு ஜூன் 12ஐச் சுற்றியே ஓடுகிறது. அன்றைக்கு அணை திறப்பது வழக்கம். தண்ணீர் கல்லணையைக் கடந்து, வெண்ணாற்றில் இறங்கி, கிளை வாய்க்கால், கன்னி வாய்க்கால் எல்லாம் தாண்டி எங்கள் பக்கம் வந்து சேரும்போது ஆனி பிறந்திருக்கும். அந்த முதல் ஈரத்தில் பள்ளத்து விளிம்பெல்லாம் பொடுதலை படரும். தரையை விட்டு எழும்பாத கொடி. கணுவுக்குக் கணு வேர் விட்டுப் பாய் விரித்துக்கொண்டு போகும். காம்பு நுனியில் ஊதா மையம், அதைச் சுற்றி வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்களின் வளையம். முழுப் பூத்தலையும் ஒரு சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கும். அதற்கும் கீழே, சேறு தொடங்கும் இடத்தில் நீர்ப்பிரமி. தடித்த சிறு இலை, வெளிறிய ஊதாவில் பூ. வல்லாரையும் அதே இடத்தில்தான். ஆனால் வல்லாரையின் பூவைப் பார்க்க வேண்டுமானால் இலையை விலக்கித் தேட வேண்டும்.

புரட்டாசியில் ஆற்றுப்படுகையில் நாணல் வெள்ளை கட்டும். ஐப்பசி அடைமழை தொடங்கியதும் பள்ளத்துக் கரையில் கானாவாழை நீலம் காட்டும். மாட்டுக்குப் புல் அறுப்பவர்கள் அதையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் பூவைக் குனிந்து கிட்டத்தில் பார்க்க வேண்டும். மடித்த பச்சை உறை ஒன்றுக்குள்ளிருந்து காம்பு வெளியே வரும். மூன்று இதழ்: மேலே இரண்டு அகலமான நீல இதழ்கள், கீழே சின்னதாக ஒன்று. விடிந்த பிறகு விரியும். உச்சி வெயில் ஏறுவதற்குள் சுருங்கிக் கூழாகிவிடும். அரை நாள்தான் அதன் ஆயுள். ஆனால் அதே செடி மண்ணுக்கு அடியிலும் பூக்கிறது. அந்தப் பூ விரிவதே இல்லை. நிறமில்லை, வண்டு தேவையில்லை, மூடிய நிலையிலேயே தன் மகரந்தத்தால் தானே கருவுற்று மண்ணுக்குள்ளேயே விதை வைத்துவிடும். மேலே உள்ளதை மாடு தின்றாலும், அரிவாள் அறுத்தாலும், கீழே அடுத்த வருஷத்துக்கான விதை பத்திரமாக இருக்கும். நீரும் வறட்சியும் மாறி மாறி வரும் ஊரில் வாழக் கற்றுக்கொண்ட செடி.

கார்த்திகை, மார்கழியில் பள்ளத்துத் தண்ணீர் தெளிந்துவிடும். அப்போதுதான் அல்லி. காலையில் நாங்கள் போகும்போது விரிந்திருக்கும், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும்போது மூடியிருக்கும். எங்கள் பள்ளத்து வெள்ளை அல்லி சாயங்காலம் விரிந்து மறுநாள் வெயில் ஏறும் வரை நிற்கும் வகை. அதன் பக்கத்திலேயே கொட்டி. நீண்ட இலைகள் தண்ணீர் மேல் படிந்து கிடக்கும், நடுவே ஒரு கதிர் மட்டும் நீருக்கு வெளியே தலை தூக்கி நிற்கும். அதில் நெருக்கமாகச் சிறு பூக்கள். அதன் கிழங்கைத் தோண்டி வேகவைத்துத் தின்ற காலம் உண்டு. பஞ்ச காலத்தில் பல வீடுகளுக்கு அதுதான் சோறு என்று பெரியவர்கள் சொல்வார்கள். குளம் வற்றியதும் பறவைகள் பறந்துவிட, கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் குளத்தோடேயே கிடக்கும் என்பதை மூதுரையில் படிக்காத தமிழ்ப் பிள்ளை இல்லை. உறவின் இலக்கணமாகச் சொல்லப்பட்டது அது. ஆனால் முதலில் அது கண்ணால் கண்ட உண்மை. தண்ணீர் வற்றியதும் கொட்டியின் இலை கருகும். கிழங்கு மட்டும் காய்ந்த சேற்றுக்குள் உறங்கிக் கிடந்து, அடுத்த தண்ணீருக்குத் துளிர்க்கும். அவ்வை குளத்தங்கரையில் நின்று பார்த்தவர்.

தைப்பொங்கல் முடிந்து, ஜனவரி 28இல் மேட்டூர் மூடியதும், பள்ளம் மெல்ல இறங்கத் தொடங்கும். அதன் சரிவில் நீர்முள்ளி நிற்கும். எங்கள் ரோட்டின் அரசன் என்று நான் சொல்வது அதைத்தான். இடுப்பளவு உயரம், கிளைக்காத நேர்த் தண்டு. ஒவ்வொரு கணுவிலும் ஆறு முள், மஞ்சளாக, விரல் நீளத்துக்கு வெளியே நீட்டியிருக்கும். அந்த முள்வேலிக்கு நடுவில் கொத்தாக நீலஊதாப் பூக்கள். ஒரு பூவை மட்டும் பார்த்தால் மேலுதடு, கீழுதடு என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். கீழுதட்டின் நடுவில் மஞ்சள் தடம். வண்டு வந்து இறங்க வேண்டிய இடத்தை அந்த மஞ்சள் சொல்கிறது. கருவண்டு வந்து உட்கார்ந்தால் பூவே கீழே தாழும். முள் இருப்பதால் ஆடுமாடு வாய் வைக்காது. அதனால் மற்றதெல்லாம் மேய்ச்சலில் மொட்டையான பிறகும் நீர்முள்ளி மட்டும் வரிசையாகப் பூத்து நிற்கும். அதன் விதையை உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வழவழவென்று பசை கட்டிக் கையோடு ஒட்டிக்கொள்ளும். அதை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்ற முயல்வதே எங்களுக்கு ஒரு விளையாட்டு.

தண்ணீர் முழுக்க வற்றிய பள்ளத்திலும், அறுவடை முடிந்த தாளடி வயலிலும் கடைசியாக வருவது கொட்டைக்கரந்தை. உருண்டை உருண்டையாக ஊதாப் பூத்தலைகள். காலில் மிதிபட்டால் ஒரு வாசம் எழும். மாசி மாதத்து மாலையில் அந்த வாசத்தோடுதான் வீடு திரும்புவோம். வாய்க்கால் கரை தொடங்கும் இடத்தில் நொச்சியும் தாழையும் அடர்ந்து நின்றன. தாழம்பூ கிடைத்தால் மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போவோம். அக்காக்கள் மடலைக் கிழித்துப் பின்னலில் வைத்துத் தைப்பார்கள், மிச்சத்தைத் துணிப்பெட்டியில் போடுவார்கள்.

அன்றைக்குப் பூ என்றால் மல்லி, முல்லை, கனகாம்பரம், சாமந்தி. சாமிக்குச் சாத்துவதும் தலையில் சூடுவதும்தான் பூ. பள்ளத்தில் நின்றவற்றை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் அவற்றைத் தெரிந்திருந்தது. என் அப்பாயிக்குப் பள்ளத்துச் செடியில் ஒன்றுகூடப் பெயர் தெரியாமல் இருந்ததில்லை. தலையில் பொடுகு என்றால் பொடுதலையை அரைத்து எண்ணெயில் காய்ச்சுவார். சளி பிடித்தால் நொச்சித் தழை போட்டு வேது பிடிக்க வைப்பார். நெல் குதிருக்குள்ளும் நொச்சி இலைதான். யாருக்காவது கால் வீங்கினால், "நீர்முள்ளியக் கொண்டாந்து கசாயம் வச்சுக் குடு, நீரு எறங்கிடும்" என்பார். எடுக்கும்போது ஒரு விதி வைத்திருந்தார். ஒரே இடத்தில் மொத்தமாகப் பிடுங்கக் கூடாது. "நாலு விட்டுட்டு ஒண்ணு எடு. நாளைக்கு இன்னொரு வூட்டுக்காரன் வருவான்ல?" அப்பாயி எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர். ஆனால் அந்தப் பள்ளத்தில் எது எப்போது முளைக்கும், எப்போது விதைக்கும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

இந்தச் செடிகளின் பழைய பெருமையை நான் பிற்பாடு படித்துத்தான் அறிந்தேன். பகைவர் கவர்ந்துபோன ஆநிரையை மீட்கப் போகும் வீரர்கள் சூடியது கரந்தை. கோட்டை மதிலைக் காத்து நின்றவர்கள் சூடியது நொச்சி. புறப்பொருள் வெண்பாமாலை இரண்டையும் தனித் திணையாகவே வைக்கிறது. அந்தக் கரந்தை இந்தக் கொட்டைக்கரந்தைதான் என்று சொல்வோர் பலர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கினார் என்று வியக்கிறோம். ஒரு புலவர் அத்தனை பூவை அடுக்க வேண்டுமானால், கேட்கிறவர்களுக்கும் அவற்றில் பெரும்பாலானவை தெரிந்திருக்க வேண்டும். போரையும் காதலையும் பூவின் பெயரால் பிரித்து வைத்த ஒரு சமூகம், வழியில் நின்ற பூவை வேர் முதல் விதை வரை அறிந்திருந்தது.

எங்கள் டெல்டாவின் செடிகளை ஏட்டில் ஏற்றியவர்களும் வழிநடையில் பார்த்தவர்கள்தான். லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அடுத்து 1776இல் அங்கே வந்து இறங்கிய பாதிரியார் ரோட்லர் செடி சேகரிப்பில் அவரைப் போலவே முனைந்தார். 1799-1800இல் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பிய பயணத்தில் வழியில் கண்ட செடிகளைக் குறித்துக்கொண்டே போனார். பெர்லின் தாவரவியலாளர் வில்டெனோவின் குறிப்புகளோடு அது 1803இல் ஜெர்மன் மொழியில் அச்சாயிற்று. தமிழுக்குப் பேரகராதி ஒன்றைத் தொகுத்தவரும் இதே ரோட்லர்தான். செடியைப் பார்த்தால் பெயர் கேட்பதும், பெயரைக் கேட்டால் எழுதிக்கொள்வதும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு பாதி என்று எனக்குத் தோன்றும். நம் காலத்தில் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினேட் உலர்தாவரகத்தை உருவாக்கிய கே. எம். மேத்யூ அடிகளார், தமிழ்நாட்டுச் சமவெளியின் தாவரங்களைப் பெரும் தொகுதிகளாக 1980களில் வெளியிட்டார். பள்ளத்தில் நிற்கும் சாதாரணச் செடிக்கும் அரிய செடிக்கும் அதில் ஒரே மரியாதை.

இப்போது அந்த ரோட்டுக்கு வருவோம்.

இன்று அது அகன்ற சாலை. நடுவில் வெள்ளைக் கோடு, ஓரத்தில் ஒளிரும் கட்டை. புளியமரங்கள் போய்விட்டன. தஞ்சாவூருக்குப் போக முன்பு ஆன நேரத்தில் பாதிகூட இப்போது ஆவதில்லை. பிரசவ வலியோடு ஆம்புலன்ஸில் போகும் பெண்ணுக்கும், மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போகும் விவசாயிக்கும் இந்த ரோடு பெரிய உதவி. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரோடு அகன்றபோது பள்ளம் மூடிற்று. மூடாத இடத்தில் அடியும் பக்கமும் சிமென்ட் பூசிய வடிகால் வந்தது. ஊர்களை ஒட்டிய வாய்க்கால்கள் பலவற்றுக்கும் இரு கரையிலும் கான்கிரீட் சரிவு. தண்ணீர் தங்காமல் வேகமாக ஓட அது நல்லதுதான், கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும் என்பதும் நியாயம்தான். ஆனால் பொடுதலைக்குக் கணுவில் வேர் விட மண் வேண்டும். கொட்டிக் கிழங்குக்கு உறங்கச் சேறு வேண்டும். கானாவாழை தன் விதையை ஒளித்து வைக்க ஈர மண் வேண்டும். சிமென்டில் இவற்றில் ஒன்றுக்கும் இடமில்லை.

இந்த இழப்பைப் பெரிதாக நினைக்க ஒரு காரணம் உண்டு. டெல்டாவில் ஒரு காலத்தில் சதுப்பாக, தாழ்நிலமாகக் கிடந்ததெல்லாம் எப்போதோ நெல் வயலாகிவிட்டது. அந்தச் செடிகள் வயலின் ஓரத்துக்கும் வரப்புக்கும் ஒதுங்கின. நடவு முடிந்து பெண்கள் கையால் களை பறித்த காலம் வரை வரப்பு ஓரத்தில் அவை தப்பிப் பிழைத்தன. களைக்கொல்லி வந்த பிறகு வரப்பும் பறிபோயிற்று. அப்போது அவற்றுக்கு மிஞ்சியது மனிதர் எதற்காகவோ மண் தோண்டிய இந்தப் பள்ளம் ஒன்றுதான். யாரும் உழாத, யாரும் மருந்தடிக்காத, வருஷத்தில் பாதி நாள் ஈரமாக இருக்கும் நிலம் வேறெங்கும் இல்லை. ரோடு போட்டதால் உண்டான பள்ளம், இந்த மண்ணின் ஆதிச் செடிகளுக்குக் கடைசிப் புகலிடமாயிற்று. அதையும் மூடினால் அவை ஒதுங்குவதற்கு அடுத்த ஓரம் கிடையாது.

பூவே இல்லை என்று சொல்லவில்லை. முன்பை விட இப்போது வண்ணம் அதிகம். மூடாமல் விட்ட வடிகால்களில் ஆகாயத்தாமரை ஊதாக் கம்பளம் விரித்திருக்கிறது. ஒவ்வொரு பூவின் மேலிதழிலும் நீலத்துக்கு நடுவில் மஞ்சள் பொட்டு. தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி. காரை நிறுத்தி இறங்கி அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அழகைக் கண்டு நிற்பது நல்ல குணம். ஆனால் அந்தக் கம்பளத்துக்குக் கீழே வெளிச்சம் போகாது, காற்று போகாது. அல்லியின் இளம் இலை மேலே வர வழி இருக்காது. கரையில் புதர் புதராக நிற்பது நெய்வேலிக் காட்டாமணக்கு. அதுவும் அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்தது. அதன் இளஞ்சிவப்புப் பூவையும் நம் வள்ளைக்கொடியின் பூவையும் பக்கத்தில் வைத்தால் பலருக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் வள்ளை தண்ணீர் மேல் படரும் கீரை, ஏழையின் குழம்புச் சட்டிக்குப் போவது. காட்டாமணக்கில் ஆடு வாய் வைத்தால் நோயில் விழும். நகரத்தை ஒட்டிய சாலைகளின் நடுத்திட்டில் போகன்வில்லா. அதுவும் தென்னமெரிக்கச் செடியே.

அயல்நாட்டுச் செடி என்றாலே பகை என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போகும் வழியில் நாங்கள் பறித்து எச்சில் தொட்டு, உள்ளங்கையில் வைத்துப் பட்டென்று வெடிக்க வைத்த பட்டாசுக்காயும் அமெரிக்கா பக்கத்திலிருந்து வந்ததுதான். எங்கள் தலைமுறையின் சிரிப்பில் அதற்கும் பங்குண்டு. அது ஓரமாக நின்றது, மற்றவற்றை நெருக்கித் தள்ளவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: வந்த செடி நின்ற செடியின் இடத்தை முழுக்க எடுத்துக்கொள்ளும்போது, நின்ற செடியோடு சேர்ந்து வாழ்ந்தவை என்ன ஆகின்றன என்று பார்க்க வேண்டும். மயில் வசீகரன் என்ற பட்டாம்பூச்சி இருக்கிறது. ஆரஞ்சு நிறச் சிறகில் மயில் தோகையின் கண் போன்ற பொட்டுள்ளது. அது முட்டையிடும் செடிகளில் நீர்முள்ளியும் பொடுதலையும் உண்டு. அதன் புழு ஆகாயத்தாமரை இலையைத் தின்று வளராது. நீர்முள்ளி போன இடத்தில் அந்தப் பட்டாம்பூச்சி ஒரு வழிப்போக்கனாக வந்து போகலாம், குடும்பம் நடத்த முடியாது.

இன்னொரு மாற்றம் மனிதர்களிடம். அன்றைக்குப் பள்ளத்துச் செடியை எல்லோரும் அறிந்திருந்தார்கள், யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இன்றைக்கு நாட்டு மருந்துக் கடையில் வல்லாரைப் பொடி, நீர்முள்ளி விதை எல்லாம் பொட்டலத்தில் தொங்குகின்றன. நீர்ப்பிரமி ஞாபகசக்திக்கென்று மாத்திரைக் குப்பியில் வருகிறது. வாங்குகிறவர்களில் பலர் அந்தச் செடி மண்ணில் நிற்பதைப் பார்த்ததில்லை. அதே நேரத்தில், மூங்கில் குச்சியும் கைப்பேசியுமாகப் பள்ளத்தோரம் குனிந்து நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளையும் பார்க்கிறேன். ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலியில் படத்தை ஏற்றுகிறார்கள். எங்கோ இருக்கும் ஒருவர் செடியின் பெயரைச் சரிபார்த்துத் தருகிறார். போன தை மாதம் அப்படி ஒரு பெண் கொட்டியின் கதிரைப் படமெடுத்துக்கொண்டிருந்தது. "தாத்தா, இதுதான் பாட்டுல வர்ற கொட்டியா? பரீட்சைக்கு எழுதியிருக்கேன், இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றது. அந்தப் பிள்ளையின் முகத்தில் இருந்த மகிழ்ச்சி என்னை உலுக்கிவிட்டது. மனப்பாடமாக இருந்த ஒன்று கண்ணெதிரே தண்ணீரில் நிற்கிறது. ரோட்லர் செய்ததை இந்தப் பிள்ளைகள் இன்று கைப்பேசியில் செய்கிறார்கள். எந்தத் தேதியில், எந்த இடத்தில் எது பூத்தது என்ற பதிவு சேர்கிறது. ஒரு பள்ளம் மூடப்பட்டால், அதில் என்ன இருந்தது என்று காட்ட இனி ஒரு சான்று இருக்கும்.

பள்ளத்தின் விதி பெரும்பாலும் தூர் வாரும் நாளில்தான் தீர்மானமாகிறது. மேட்டூர் திறப்பதற்கு முன் சித்திரை, வைகாசியில் வாய்க்காலும் வடிகாலும் தூர் வார வேண்டும், அது விவசாயத்துக்கு உயிர். ஆனால் பொக்லைன் இறங்கினால் அடிச் சேற்றையும் கரையையும் ஒன்றாகச் சுரண்டி எடுத்துவிடும். அதே வேலையை ஆட்கள் செய்யும்போது வேறு மாதிரி இருக்கும். சில வருஷங்களுக்கு முன் நூறு நாள் வேலையில் எங்கள் ரோட்டோரம் செடி வெட்டிக்கொண்டிருந்த பெண்களோடு நின்று பேசினேன். நீர்முள்ளியைப் படம் எடுப்பதைப் பார்த்து ஒரு அம்மா கேட்டார்: "என்னங்கய்யா, முள்ளுச் செடியப் போயி போட்டோ புடிக்கிறீங்க?"

"பூ நல்லா இருக்குங்கம்மா. இதை வெட்டிடுவீங்களா?"

"வெட்டச் சொல்லியிருக்காங்க, வெட்டுறோம். ஆனா இப்ப வெட்டக் கூடாதுங்க. இன்னும் காயி முத்தல. பங்குனி பொறந்து வெட்டினா வெத கொட்டிப்புடும், அடுத்த வருசம் தன்னால மொளைக்கும். இது இல்லேன்னா கால் வீக்கத்துக்கு எங்க போறது?"

என் அப்பாயி இறந்து பல வருஷம் கழித்து, அப்பாயியின் விதியை இன்னொருவர் வாயால் கேட்டேன். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத அறிவு அது. பள்ளங்களை நிர்வகிக்கிறவர்கள் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய அறிவு.

அதனால் நான் கேட்பதெல்லாம் செய்யக்கூடிய காரியங்கள்தான். ரோட்டோரச் செடிகளை விதை முற்றிய பிறகு, பங்குனியில் வெட்டலாம். வண்டி ஓட்டுகிறவர் பார்வையை மறைக்கும் வளைவுகளில் மட்டும் முன்பே வெட்டிக்கொள்ளலாம். தூர் வாரும்போது இந்த வருஷம் ஒரு கரை, அடுத்த வருஷம் மறு கரை என்று முறை வைக்கலாம். விட்ட கரையிலிருந்து வெட்டிய கரைக்குச் செடி தானே வந்து சேரும். வடிகால் கட்டும்போது பக்கச் சுவர் தேவைப்படும் இடத்தில் கட்டிவிட்டு அடியை மண்ணாகவே விடலாம். தண்ணீர் பூமிக்குள் இறங்கவும் அது உதவும். ஆகாயத்தாமரையை அகற்றும்போது பூக்கும் முன் அகற்றி, கரையிலேயே குவித்து விடாமல் எருவாக்கிவிடலாம். ஊராட்சிக்கு ஒரு பள்ளத்தையாவது, குளத்தைக் காப்பது போல, ஊர்ச் சொத்தாகக் கருதிக் காப்பாற்றலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மாதத்துக்கு ஒரு முறை அதன் கரைக்கு அழைத்துப் போய், பூத்திருப்பதன் பெயரை எழுத வைக்கலாம். மூதுரை நடத்தும் தமிழாசிரியருக்கும் அதுவே வகுப்பறையாகும்.

ரோடு அகலமாவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் அகலப்படுத்தும்போது புதிய ஓரத்திலும் ஒரு பள்ளம் வெட்டத்தான் வேண்டியிருக்கிறது, மழைநீர் எங்காவது போக வேண்டுமே. அப்போது பழைய பள்ளத்தின் அடிச் சேற்றை லாரியில் ஏற்றி எங்கோ கொட்டாமல், அந்தப் புதுப் பள்ளத்தின் அடியில் ஒரு சாண் கனத்துக்குப் பரப்பினால் போதும். கொட்டியின் கிழங்கும், அல்லியின் கிழங்கும், நீர்முள்ளியின் விதையும், கானாவாழை மண்ணுக்கடியில் ஒளித்து வைத்த விதையும் அந்தச் சேற்றில்தான் இருக்கின்றன. தனியாக நாற்று வாங்க வேண்டாம், தனியாக நிதி ஒதுக்க வேண்டாம். ஒப்பந்தப் பத்திரத்தில் இதற்கென ஒரு வரி சேர்த்தால், அந்தச் செடிகள் அடுத்த ஐப்பசி மழைக்கே தங்கள் புது இடத்தில் முளைக்கத் தொடங்கும்.